கழுவிய கைகளும் காலியான இடங்களும்

திருப்பாடல் 26 நேர்மையாளர் ஒருவரின் மன்றாட்டு. தம் உள்ளத்தைச் சோதித்துப் பார்க்குமாறு அவர் ஆண்டவரிடம் கேட்கிறார். குற்றமின்மையில் கைகழுவிப் பீடத்தை வலம் வருகிறார். ஆண்டவரின் இல்லத்தை நேசிப்பதாக அறிக்கையிடுகிறார். இறுதியில் மக்கள் கூட்டத்தின் நடுவே நின்று அவரைப் போற்றுகிறார். முற்கால இலத்தீன் திருப்பலியில் குரு கைகழுவும்போது செபித்ததும் இத்திருப்பாடலின் பகுதியையே. உள்ள நேர்மையும் பொது வழிபாட்டின் மீதான அன்பும் இங்கே ஒரே மூச்சில் பேசப்படுகின்றன.

நம்மிடையே இவ்விரண்டையும் பிரித்துவைக்கும் பழக்கம் வேரூன்றிவருகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் உழைக்கும் இளையோரைப் பற்றிய குற்றச்சாட்டு பலரும் கேட்டதே: "சம்பளம் வந்ததும் சாமியை மறந்துவிட்டார்கள், ஞாயிறு பூசைக்கு வருவதில்லை." இப்பழியை நாம் மறுக்கிறோம். கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் வராதவர்கள் அல்லர். தவறாமல் வந்து முன்வரிசையில் அமர்கிறவர்களே.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. இவற்றைச் சூழ்ந்து எண்ணற்ற உதிரிபாகத் தொழிற்கூடங்கள் எழுந்தன. ஷிப்டு முறையில் பலருக்கு இரவு பகலாயிற்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஞாயிறையே ஓய்வு நாளாகக் குறித்தது. ஆயினும் மாற்று நாளுக்கும் அதிலேயே வழி இருந்தது. புதன்கிழமை ஓய்வு பெறும் பெண்ணுக்கு ஞாயிறு காலைத் திருப்பலி எட்டாத தொலைவில் இருக்கிறது. அவருக்கு இல்லாதது நேரமே. அதை விசுவாசக் குறைவு என்பது நியாயமா?

கொரிந்து நகரில் ஆண்டவரின் திருவிருந்துக்கு முந்தி வந்தோர் வயிறார உண்டனர், இல்லாதோர் பசித்திருந்தனர். பவுல் யாரைக் கண்டித்தார்? உண்டு முடித்தோரையே. ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி அவர்களுக்குக் கட்டளையிட்டார். இந்தக் காத்திருத்தல் நம் பங்குகளில் எங்கே?

1890-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறையைப் போராடிப் பெற்றுத் தந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே; அவர் கிறிஸ்தவர் அல்லர். மறு ஆண்டு, ‘ரேரும் நோவாரும்’ மடலில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ஞாயிறு ஓய்வை வலியுறுத்தினார். அது தொழிலாளரின் உரிமை, அரசு அதற்கு உறுதியளிக்க வேண்டும் என்ற அவரது போதனையைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ஆண்டவரின் நாளைப் பற்றிய 1998-ஆம் ஆண்டு மடலில் நினைவூட்டினார். பிறர் ஆண்டவரின் நாளைக் கடைப்பிடிக்க இயலாதவாறு தேவையற்ற சுமைகளை அவர்கள்மேல் சுமத்தலாகாது என்பது திருச்சபையின் மறைக்கல்வி.

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி, அலைபேசி ஆலைப் பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய தோழியர் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தபோதுதான் நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. அவர்களுக்காக நம் விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு வரியேனும் இருந்ததா? ஓர் அறையில் பத்துப் பேரை அடைத்து வாடகை வாங்கும் கையும், ஒப்பந்தக் கூலியில் பிடித்தம் செய்யும் கையும் காணிக்கைத் தட்டை ஏந்தும்போது, திருப்பாடல் 26 யாருக்குச் சான்று பகரும்?

"உள்ளம் தூயதாயின் போதும்; திருப்பலியைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்பாரும் உளர். நோயுற்றோருக்கு அது ஆறுதல், மறுப்பதற்கில்லை. ஆனால் திரையில் தெரியும் அப்பத்தை யாரும் பிட்டுப் பகிர முடியாது. விடுதியில் தனித்திருக்கும் இளைஞருக்குத் திரையைக் காட்டிவிட்டு நாம் கோவிலில் கூடுவது, கொரிந்தியர் செய்ததே.

ஆகவே நாம் கேட்பவை சிலவே. சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடனை நிறைவேற்றும் என்பது திருச்சபைச் சட்டம். ஷிப்டு நேரங்களைக் கேட்டறிந்து பங்குகள் திருப்பலி நேரத்தை வகுக்கட்டும். மேற்பார்வையாளராய் இருக்கும் கத்தோலிக்கர், ஞாயிறு ஓய்வு எல்லாருக்கும் முறைவைத்துக் கிடைக்கப் பேசட்டும். வீட்டுக்காரர்கள் தம் வாடகைக்காரரைப் பெயர் சொல்லிக் கோவிலுக்கு அழைக்கட்டும். அழைக்குமுன் அவர்கள் குடிக்கும் நீரையும் படுக்கும் இடத்தையும் பார்த்துவரட்டும். அதன்பின் பீடத்தருகே வந்து, ஆண்டவரின் இல்லத்தை நேசிக்கிறோம் என்று சொல்வோம்.