அடுத்த வீட்டில் யார்?

அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா மாநிலத்தில், பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் தொலைபேசியை எடுத்தான். தனக்கு அப்போது 12 வயது என்று பின்னாளில் அவரே சொன்னார். அலைவெண் அளக்கும் கருவி ஒன்றைத் தன் கையாலேயே செய்ய ஆசை. உதிரிப் பாகங்கள் இல்லை. யாரை அழைத்தான்? கடைக்காரரையா? வாத்தியாரையா? இல்லை, தோழர்களே! ஹியூலட்-பேக்கார்டு என்ற பெரும் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் ஹியூலட்டையே அழைத்தான். எண் எங்கே கிடைத்தது? ஊர்த் தொலைபேசிப் புத்தகத்தில்! முதலாளி சிரித்தார், பாகங்களைத் தந்தார், கோடை விடுமுறையில் தம் தொழிற்சாலையிலேயே நட்டும் போல்ட்டும் பூட்டும் வேலையையும் தந்தார். அந்தப் பையன்தான் ஸ்டீவ் ஜாப்ஸ். 1976இல் ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

இந்தக் கதையை மேடைதோறும் சொல்கிறார்கள். "கேட்டான், கிடைத்தது, நீயும் கேள்!" என்று மாணவர்களுக்கு உபதேசம். சொல்லட்டும். துணிச்சல் வேண்டியதுதான். ஆனால் சொல்வது பாதிக் கதை. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

ஜாப்ஸை வளர்த்த தந்தை சீமான் அல்லர், இயந்திரத் தொழிலாளி. பழைய கார்களை வாங்கிப் பழுதுபார்த்து விற்றவர். நம் தோழர்களைப் போல் கையில் கிரீஸ் கறை படிந்தவர். ஆனால் அவர் குடியிருந்த தெருவில் பொறியியலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹியூலட்-பேக்கார்டு ஊழியர். அவர்தான் அந்தப் பையனுக்கு மின்னணுக் கருவிகளைக் காட்டியவர்; நிறுவனத்தின் உணவுக்கூடத்தில் மாணவர்களுக்காகக் கூடிய குழுவிலும் சேர்த்துவிட்டவர். தொழிலாளியின் மகனுக்கு மூளை இருந்தது, துணிச்சல் இருந்தது, அவற்றோடு, தெருவில் வழிகாட்ட ஒரு மனிதரும் இருந்தார்.

இன்னொருவரைப் பாருங்கள். சியாட்டில் நகரத்தில் லேக்சைடு என்ற தனியார் பள்ளி. 1968இல் அந்தப் பள்ளித் தாய்மார் சங்கம் பழைய சாமான்களை விற்று, அந்தக் காசில் கணினியோடு தொடர்புகொள்ளும் தட்டச்சுக் கருவியை வாங்கிக் கொடுத்தது. அதன்முன் உட்கார்ந்த 13 வயதுப் பையன் பில் கேட்ஸ். பிறகு ஒரு கணினி நிறுவனம் அவருக்கும் நண்பர்களுக்கும் ஓர் ஏற்பாடு செய்தது: நிரலில் பிழை கண்டுபிடித்துச் சொல்லுங்கள், கணினியை இலவசமாகப் பயன்படுத்துங்கள்! பள்ளியின் இறுதி ஆண்டில் அவர் வெளியே நிரல் எழுதும் வேலைக்குப் போக, பள்ளியே விடுப்புத் தந்தது. அறிவு அவருடையது, மறுக்கவில்லை. கதவைத் திறந்தவர்கள் யார்? தாய்மாரும், ஆசிரியரும், ஊரும்!

இதைத்தான் இன்று ‘இன்டர்ன்ஷிப்’ என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் பட்டறையில் ‘தொழில் பழகுவது’ என்போமே, அதுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். அம்பத்தூரில் லேத்துப் பட்டறைத் தோழர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். மகள் பதினொன்றாம் வகுப்பு. கணினி அறிவியல் படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் நுழைந்து தொழில் பழக ஆசை. அடுத்த வீட்டில் யார்? ஆட்டோ ஓட்டும் தோழர். எதிர்வீட்டில்? மூட்டை தூக்கும் தோழர். நல்லவர்கள், நம்மவர்கள், ஆனால் எந்த நிறுவனத்தில் யாரைக் கேட்பது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

அதே வேளையில், மேலாளர் வீட்டுப் பிள்ளைக்குத் தந்தை ஒரு பேச்சுப் பேசினால் போதும். "பையன் ஒரு மாதம் வந்து உட்காரட்டும்." முடிந்தது! பிறகு அந்த ஒரு மாதம் ‘அனுபவம்’ ஆகிறது. அனுபவம் ‘தகுதி’ ஆகிறது. அந்தத் தகுதியைக் காட்டி நம் பிள்ளையிடம், "உனக்குத் தகுதி இல்லை" என்கிறார்கள். அந்தத் தகுதி பிறந்த இடம் தொலைபேசியில் நடந்த அரை நிமிடப் பேச்சு!

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார்: "படிக்கிற பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்பச் சொல்கிறீரே, 1953இல் ஆச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வியும் இதுதானே?" நல்ல கேள்வி. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றது அந்தத் திட்டம். எதிர்ப்பு மூண்டது, 1954இல் அது கைவிடப்பட்டது. ஏன் எதிர்த்தோம்? தொழில் இழிவென்றா? இல்லை! அப்பன் தொழிலிலேயே மகனைக் கட்டிப்போடுவதை எதிர்த்தோம். சலவைத் தொழிலாளி மகன் மீண்டும் ஆற்றங்கரைக்கே போவது குலக்கல்வி. அவன் மகள் கணினிக் கூடத்துக்குள் போவது விடுதலை. அன்று அடைக்க வந்த கதவை உடைத்தோம். இன்று அடைத்தே கிடக்கும் கதவைத் தட்டச் சொல்கிறேன்.

தட்டுவது எப்படி? முதலில், பிள்ளை கையில் சிறிதாக ஒன்று இருக்கட்டும். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைக் குறித்துச் சொல்லும் சிறு நிரலாக இருந்தாலும் போதும். தானே செய்ததாக இருக்க வேண்டும். பிறகு கடிதம். "இன்ன பள்ளி, இன்ன வகுப்பு, இதைச் செய்திருக்கிறேன், மே மாதத்தில் இத்தனை நாள் உங்களிடம் வந்து கற்க விரும்புகிறேன்" என்று நான்கு வரி. புகழ்ச்சி வேண்டாம், கெஞ்சல் வேண்டாம். ஒருவர் பதில் போடாவிட்டால் இன்னொருவர். பத்துப் பேருக்கு எழுதினால் வெட்கம் ஒன்றுமில்லை.

யாருக்கு எழுதுவது? கண்ணாடி மாளிகைக்குத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. கடைத்தெருவில் கணினி பழுதுபார்ப்பவர், அச்சகத்தில் பக்கம் அமைப்பவர், மருத்துவமனைக் கருவிகளைச் சரிசெய்பவர், அத்தனை பேரும் தொழில் தெரிந்தவர்களே. ஏன், நீங்கள் வேலை செய்யும் ஆலையில் கணினியால் இயங்கும் லேத்து இல்லையா? அதற்கு நிரல் எழுதுபவர் உங்களோடு தேநீர் குடிப்பவர்தானே? அவரிடம் நம் தோழர் மகளுக்காக ஒரு வார்த்தை பேசினீர்களா?

எச்சரிக்கையும் உண்டு. "பணம் கட்டு, பயிற்சி தருகிறோம், சான்றிதழ் தருகிறோம்" என்பவனிடம் போகாதீர்கள். தொழில் பழகக் காசு கேட்பவன் விற்பது காகிதம். பயிற்சி என்று அழைத்து, தேநீர் வாங்கிவரவும் தரை பெருக்கவும் வைப்பவனையும் சங்கம் கேட்க வேண்டும். 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் 14 வயதுக்குக் குறைந்தவரைப் பழகுநராக ஏற்காது. அந்தச் சட்டப்படி சேருபவருக்கு உதவித்தொகையும் உண்டு. 18 வயது நிரம்பாதவரை ஆபத்தான தொழிலில் அமர்த்தக் கூடாது என்பதும் சட்டம். இவற்றைத் தெரிந்துகொண்டு பிள்ளையை அனுப்புங்கள்.

நம் படிப்பகங்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டு, உலகத்தை அறிந்த இடம் அது. அதே படிப்பகத்தில் இன்று ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வட்டாரத்தில் எந்தக் கூடம், எந்தக் கடை, யார் பொறுப்பாளர், யார் கற்றுத்தருவார் என்று எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, கடிதம் எழுதத் தெரிந்த தோழர் ஒருவர் அங்கே உட்காரட்டும். அந்த நோட்டுத்தான் நம் பிள்ளைகளின் தொலைபேசிப் புத்தகம்!

அடுத்த வீட்டில் யார் என்று லேத்துத் தொழிலாளியின் மகள் கேட்கிறாள். "நான் இருக்கிறேன், அம்மா" என்று சொல்ல, தோழரே, நீங்கள் ஆயத்தமா?