லைஃப்டைம் ஆயில்... யாருடைய லைஃப்டைம்?

புனேயில் நம்மூர்க் குடும்பங்கள் நாலு சேர்ந்தால் கார் பேச்சு வராமல் போகாது. அப்போது "கியர்பாக்ஸ் ஆயில் எப்போ மாத்தினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான். "அது லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேண்டாம்னு சர்வீஸ் சென்டர்ல சொல்லிட்டாங்க."

யாருடைய லைஃப்டைம்? உங்களுடையதா, வண்டியுடையதா, இல்லை வாரண்டியுடையதா?

என்னைக் கேட்டால், கடைசிவரை மாற்றவே வேண்டாத கியர்பாக்ஸ் ஆயில் என்று ஒன்று கிடையாது. வாரண்டி முடியும்வரை தாங்குகிற ஆயில் உண்டு. அதைத்தான் நம்மிடம் சிரித்துக்கொண்டே லைஃப்டைம் என்கிறார்கள்.

சும்மா வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. ஜெர்மனியில் இசட்எஃப் என்று ஒரு கம்பெனி. பெரிய பெரிய கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுப்பவர்கள். அந்தக் கார்களை விற்பவர்களில் சிலர் லைஃப்டைம் என்று சொல்லிக்கொண்டிருக்க, கியர்பாக்ஸைச் செய்தவர்களோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது அதிகபட்சம் 8 வருடத்தில், ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். பெற்றவள் சொல்வதை நம்புவதா, தரகர் சொல்வதை நம்புவதா?

ஆயில் ஏன் கெடுகிறது? ஆட்டோமேட்டிக்கில் ஆயில் வெறும் வழவழப்புக்கு மட்டும் இல்லை. இன்ஜினின் சுழற்சியை டார்க் கன்வர்ட்டர் வழியாகக் கடத்துவது, உள்ளே இருக்கும் கிளட்ச்களை அழுத்திப் பிடிப்பது, சூட்டை வெளியே எடுத்துப் போவது எல்லாமே அந்த ஆயில்தான். கிளட்ச் தேயத் தேய அந்தத் தூளும் அதிலேயே கலக்கும். மேனுவல் கியர் வண்டியில் பற்களும் சிங்க்ரோனைசர் வளையங்களும் தேய்ந்த உலோகப் பொடி கலக்கும்.

இதோடு நம் ஓட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஹிஞ்சவடியிலிருந்து வண்டிகள் நகர்கிற லட்சணம் தெரியும்தானே? அப்படி நின்று நின்று ஊரும்போதுதான் டார்க் கன்வர்ட்டர் அதிகமாக வழுக்கிச் சூடேறும். மே மாத லீவுக்கு ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான் என்று ஊருக்குக் கிளம்பி, சாத்தாரா பக்கம் காட் ரோடு ஏறும்போதும் ஆயிலுக்கு அதே பாடுதான். பல வண்டிகளின் மேனுவலில் கடுமையான உபயோகத்துக்கு என்று தனி அட்டவணையே இருக்கிறது. நெரிசல், தூசி, வெயில், அதிக பாரம். நமக்காகவே எழுதியது மாதிரி இருக்கும்.

அப்போ கார் கம்பெனி இன்ஜினியர்கள் முட்டாள்களா? இல்லை. புது வண்டி விற்கும்போது பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டியாக வேண்டும். வாரண்டிக்கு அப்புறம் கியர்பாக்ஸ் போனால் செலவு நம் தலையில். ஒழுங்காகக் கிலோமீட்டர் போட்டுச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தால் கம்பெனி என்ன செய்யும்?

அதற்காக நாளைக்கே போய் "ஆயில் மாத்து" என்று நிற்காதீர்கள். எந்த ஆயில் என்பது முக்கியம். சிவிடி கியர்பாக்ஸுக்கு அதற்கான ஆயில்தான். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் உள்ளே பெல்ட் வழுக்கி, பெட்டியே காலியாகலாம். மேனுவல் கியருக்கு ஜிஎல்-4 என்று போட்டிருந்தால், "இது அதைவிட உசத்தி" என்று ஜிஎல்-5 ஊற்ற வருவார்கள். அதிலுள்ள கந்தகச் சேர்க்கை பித்தளை சிங்க்ரோனைசரை அரிக்கலாம். இன்னொன்று, ஆட்டோமேட்டிக்கில் ஒரு தடவை வடித்தால் பெரும்பாலும் பாதி ஆயில்கூட வெளியே வராது, மிச்சம் டார்க் கன்வர்ட்டரிலேயே நிற்கும். "முழுசா மாத்தியாச்சு" என்றால் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்.

அடுத்த கொள்ளைக்குப் பெயர் 'அசெம்பிளி'. எங்கள் சொசைட்டியில் ஒருவர் கியர் மாறும்போது வண்டி உதைக்கிறது என்று போனார். முழு கியர்பாக்ஸையும் மாற்ற வேண்டும் என்று லட்சங்களில் எஸ்டிமேட் வந்தது. வெளியே ஒரு மெக்கானிக் பிரித்துப் பார்த்து மாற்றியது வால்வு பாடியில் ஒரு சோலனாய்டு, கூடவே ஆயில். எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

வெளி மெக்கானிக்கை ஏன் இவர்களுக்குப் பிடிப்பதில்லை? 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸும் பழுது பார்க்கும் விவரங்களும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அப்புறம் மேல்முறையீடு என்று அது இழுத்தது வேறு கதை.

ஆனால் எனக்குப் பெரிய கோபம் நம்மாட்கள் மேல்தான். ஆபீஸில் கிளையண்டோடு ஒரு வரிக்காக ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். வொர்க்ஷாப்பில் ஜாப் கார்டை நீட்டினால், இந்தி சரளமாக வராத கூச்சத்தில் "டீக் ஹை பையா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பில் போடுவது வண்டிக்கு இல்லை சார், அந்தக் கூச்சத்துக்கு!

நாலு வாக்கியம் போதும். "கௌன்ஸா தேல்? கித்னா லீட்டர்? எஸ்டிமேட் லிக்கே தோ. புரானா பார்ட் திகாவோ." உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தால் சிரிக்கட்டும். அதற்கும் மசியவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.

ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ராத்திரி போன் வந்து, ரயிலிலும் டிக்கெட் இல்லாத நாளில், பெண்டாட்டி பிள்ளைகளோடு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடப்போவது இந்த வண்டிதான். நடு ராத்திரியில் ஹூப்ளி தாண்டி கியர் விழாமல் நின்றால், லைஃப்டைம் என்று சொன்னவர் வந்து இழுத்துக்கொண்டு போக மாட்டார்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மேனுவலை எடுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் எந்த வகை, எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று பார்த்து எழுதி வையுங்கள். கிலோமீட்டர் போடவில்லை என்றால் கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டுங்கள்: "உங்கள் லைஃப்டைம் எத்தனை கிலோமீட்டர்?" எழுத்தில் பதில் வருகிறதா பார்ப்போம்.