மலை இறக்கமும் பிரேக் சோதனையும்

பட்டிப்பொல அருகே 6,226 அடி உயரத்தைத் தொடும் புகையிரதப் பாதை, பண்டாரவளையைக் கடந்து பதுளையை அடைவதற்குள் ஏறக்குறைய 4,000 அடி இறங்கிவிடுகிறது. மலைப்பாதையின் கடுஞ்சாய்வு 44க்கு 1. இங்கே தோட்டத் தொழிலாளியும் உத்தியோகத்தரும் உழவனின் மரக்கறி மூட்டையும் நம்பியிருப்பது பிரேக்கை மட்டுமே.

வெற்றிடப் பிரேக்கில் சக்கரத்தைப் பிடிக்கும் வலு வெளிக்காற்றின் அமுக்கத்திலிருந்து பிறக்கிறது. அவ்வமுக்கம் கொழும்பில் சுமார் 30 இரச அங்குலம். பட்டிப்பொலவிலோ 24 அளவுதான். ஆகவே கரையோரத்தில் தேறிய பிரேக் மலையுச்சியிலும் அதே வலுவுடன் பிடிக்குமென்று கொள்வதற்கில்லை.

கார்டு பெட்டியிலுள்ள மானி குழாயின் நிலையைச் சொல்லும். ஒவ்வொரு பெட்டியின் பிரேக் உருளையும் ஒழுகாது பிடிக்கிறதா என்பதைச் சொல்லாது. அம்மானி ஒன்றையே பார்த்துத் தலையசைப்பதைச் சான்றென்று எந்த நீதிமன்றமும் ஏற்குமா?

மலைநாட்டுப் பாதையின் எழிலைப் படம் பிடித்து உலகுக்கு விற்கும் அரசாங்கத்திற்கு நாம் கேட்கும் செலவு பெரிதன்று. பெட்டிதோறும் இணைத்து, வெற்றிடம் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு குறைகிறதென்று தானே பதியும் சோதனைக் கருவி வேண்டும். அது கொழும்பில் மட்டுமன்றி, நானுஓயாவிலும் பதுளையிலும் இருத்தல் வேண்டும். அப்பதிவேட்டைக் கேட்கும் பயணிக்குக் காட்டும் கடமையையும் புகையிரதத் திணைக்களம் ஏற்கவேண்டும்.