ஆட்டோமேட்டிக் வண்டியும் ஆயுட்கால ஆயிலும்

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் தட்டிப் பிழைக்கும் கிருஷ்ணகிரிக்காரன். வண்டியில் ஆர்வம் இல்லாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆட்டோமேட்டிக் எஸ்யூவி வைத்திருப்பவர்களும், பழையது ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். லட்ச ரூபாய் சமாச்சாரம்.

"லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேண்டாம்."

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பற்றிப் பேச்செடுத்தாலே இந்த வசனம் வந்துவிடுகிறது. யாருடைய லைஃப் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. வண்டியின் ஆயுளா, கியர்பாக்ஸின் ஆயுளா, வாரண்டியின் ஆயுளா? மூன்றாவதுதான் என்பது என் கட்சி.

நம்மைப் போன்ற வெளியூர்க் குடும்பங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், நம் வண்டி இரண்டு விதமாக அடி வாங்குகிறது. வார நாளெல்லாம் கழக்கூட்டம், ஸ்ரீகாரியம், கேசவதாசபுரம், பட்டம் என்று ஊர்ந்து கொண்டே இருக்கும். பொங்கல், தீபாவளிக்கு ரயில் டிக்கெட் கிடைக்காமல் குழந்தைகளையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, தலைக்கு மேல் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் 650 கி.மீ. நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை, கரூர், சேலம். வழியில் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். நம்மூரில் "ஆட்டோ கியர்" என்ற ஒரே பெயரில் நாலு விதமான சாமான்களை விற்கிறார்கள். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை நமக்குப் பதில் ஒரு இயந்திரக் கை மிதிக்கிறது, அவ்வளவே. சிவிடி வேறு, இரட்டைக் கிளட்ச் வேறு. நான் இங்கே பேசுவது பெரிய எஸ்யூவிகளில் அதிகம் காணும் டார்க் கன்வெர்ட்டர் வகை.

இது ஒன்றும் புதிய வித்தை இல்லை. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905-ல் கப்பல்களுக்காகக் காப்புரிமை வாங்கியது. எதிரெதிரே இரண்டு மின்விசிறி வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றும் இல்லையா? (எல்லோரும் சொல்லும் உதாரணம்தான், வேறு நல்லது எனக்குக் கிடைக்கவில்லை.) காற்றுக்குப் பதில் இங்கே ஆயில். நடுவில் ஸ்டேட்டர் என்று ஒரு சக்கரம், திரும்பி வரும் ஆயிலைத் திசைமாற்றி அனுப்புகிறது. அதனால்தான் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இன்ஜினின் இழுவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது. மேட்டில் ஆட்டோமேட்டிக் வண்டி சுகமாக ஏறுவதன் ரகசியம் இது.

ஆனால் ஆயில் வழியாகச் சுற்றும்போது கொஞ்சம் வழுக்கும். வழுக்கினால் சூடு. பெட்ரோலும் வீண். அதைக் குறைக்க உள்ளே லாக்-அப் கிளட்ச் வைத்தார்கள். கிறைஸ்லர் 1978 மாடல்களிலேயே கொண்டுவந்து விட்டது. சீரான வேகம் வந்ததும் இந்தக் கிளட்ச் பிடித்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். நம் வில்லன் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறான். ஆயில் பழசாகித் தன் உராய்வுக் குணத்தை இழந்தால், கிளட்ச் ஒழுங்காகப் பிடிக்காமல் பிடித்துவிட்டு, பிடித்துவிட்டு நடுங்கும். 50-லிருந்து 80 கி.மீ. வேகத்தில், ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது, ரோட்டில் வரிவரியாகப் போட்ட வேகத்தடை மேல் ஓடுவது போல ஒரு உதறல். பின்னால் வண்டி வராத இடத்தில், அந்த உதறலின்போது பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் பிரேக்கைத் தொட்டதுமே லாக்-அப் விட்டுவிடும். உதறலும் உடனே நின்றால் சந்தேகம் இந்தப் பக்கம். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜின் மவுண்ட், டயர் என்று வேறு இடத்தில் தேடவும்.

80 ஆயிரம் கி.மீ. ஓடிய என் வண்டிக்கு இதே உதறல் வந்தது. ஒரு பெரிய சர்வீஸ் சென்டர் (பெயர் வேண்டாம்) ஆயிலைக்கூடப் பார்க்காமல் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் நீட்டியது. ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம். ஸ்ரீகாரியம் பக்கத்தில் ஒரு சின்ன வொர்க்‌ஷாப் சேட்டனிடம் கொண்டுபோனேன். "ஆத்யம் ஓயில் நோக்காம் சாரே, கன்வெர்ட்டர் எங்ஙும் ஓடிப் போவில்ல" என்றார். முதலில் ஆயிலைப் பார்ப்போம், கன்வெர்ட்டர் எங்கும் ஓடிப்போகாது! சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கட்டன்சாயா நிறத்தில் வந்தது. இரண்டு தடவை மாற்றியபின் உதறல் போயே போச்சு.

ஏதோ என் ஒருவனின் அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் 8 கியர் ஆட்டோமேட்டிக்கில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. 2015 முதல் 2019 வரையிலான வண்டிகள். எஸ்கலேட், யூக்கான் போன்ற பெரிய எஸ்யூவிகளும் அதில் உண்டு. 2019-ஐ ஒட்டி, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி வேறு வகை ஆயில் ஊற்றும்படி நிறுவனமே டீலர்களுக்குச் சொன்னது. பழைய ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டதுதான் உதறலுக்குக் காரணம் என்றார்கள். வாங்கியவர்கள் தொடுத்த வழக்கில், 26 மாநிலத்தவர் ஒன்றாகச் சேர்ந்து நடத்தலாம் என்று 2023-ல் அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ரத்து செய்து மறுபடி ஆராயச் சொன்னது. அத்தனை பெரிய கம்பெனியின் வண்டியிலேயே குற்றவாளி ஆயில் என்றால், நம் ஊரில் ஆயிலைப் பார்க்காமல் கன்வெர்ட்டரைக் கழற்ற என்ன அவசரம்?

கியர்பாக்ஸ் செய்கிறவர்களே ஆயுட்காலம் என்று சொல்வதில்லை என்பதுதான் வேடிக்கை. பல விலையுயர்ந்த எஸ்யூவிகளுக்கு 8 கியர் ஆட்டோமேட்டிக் தரும் ஜெர்மனியின் இசட்எஃப், 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கி.மீ.க்குள், அதிகபட்சம் 8 வருடத்தில், ஆயிலை மாற்றச் சொல்கிறது. கார் கம்பெனியின் கையேட்டையும் கொஞ்சம் பின்னால் புரட்டுங்கள். பல கையேடுகளில் "மாற்றத் தேவையில்லை" என்பதற்குச் சில பக்கம் தள்ளி "கடினமான உபயோகம்" என்று தனி அட்டவணை இருக்கும். வெயில் காலத்தில் நெரிசல், மலைப்பாதை, அடிக்கடி சிறு தூரம். திருவனந்தபுரத்தில் இதைத் தவிர வேறு உபயோகம் உண்டா சொல்லுங்கள்! சர்வீஸ் சென்டர்கள் இந்த அட்டவணையைத்தான் நமக்குக் காட்ட வேண்டும். காட்டுவதில்லை.

ஆயில் சர்வரோக நிவாரணியும் இல்லை. வடித்த ஆயிலில் உலோகத் துகள் மினுமினுத்தால் காரியம் கைமீறிவிட்டது. கன்வெர்ட்டரை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது ஆயில் கூலரையும் குழாய்களையும் கழுவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய துகள் புதியதையும் தின்றுவிடும். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொன்று: 2005-2010 நிசான் பாத்ஃபைண்டரில் ரேடியேட்டருக்குள்ளேயே கூலர் விரிசல் விட்டு, தண்ணீரும் ஆயிலும் கலந்து கியர்பாக்ஸே போனது பிரபலமான விவகாரம். ரேடியேட்டரில் ரோஸ்மில்க் தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் கியர்பாக்ஸ் யார் செய்தது என்றும் கேட்க வேண்டும். 2008-ல் வந்த மஹிந்திரா ஸ்கார்ப்பியோ ஆட்டோமேட்டிக்கில் இருந்தது ஆஸ்திரேலியாவின் டிஎஸ்ஐ கியர்பாக்ஸ். மறு வருடமே அந்த நிறுவனம் நொடித்து, சீனாவின் ஜீலி கைக்குப் போனது. அந்த மாதிரி வண்டிக்கு விலை பேசும் முன் பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள்.

வாரண்டிக்குள் உதறல் வந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வண்டியைச் சேலத்தில் வாங்கிவிட்டுத் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு எங்கே புகார் கொடுப்பது என்ற கவலையும் வேண்டாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நம்மைப் போன்ற நாடோடிகளுக்காகவே எழுதிய மாதிரி ஒரு பிரிவு!

பி.கு.: ஆயில் மாற்றும்போது ஒரு தடவை வடித்தால் பாதிதான் வரும், மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் இரண்டு மூன்று தடவை. ஹூண்டாய்க்கு எஸ்பி-4, டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ் என்று வண்டிக்கு வண்டி வேறு, கையேட்டில் போட்டிருப்பதையே ஊற்றவும். பொன்முடிக்குப் போகிறவர்கள் 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் டி-யிலேயே விடாமல் கீழ் கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மேட்டில் வண்டியை ஆக்ஸிலேட்டரால் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக் எதற்கு இருக்கிறது?