சும்மா இருந்தவனுக்குச் சம்பளமா?

அமெரிக்காவில் பட்ஜெட் தகராறு முற்றி 2025 அக்டோபர் 1ஆம் தேதி அரசு அலுவலகங்களை மூடினார்கள். நவம்பர் 12 வரை 43 நாள். லட்சக்கணக்கான ஊழியர்களைச் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி திறந்ததும் அந்த நாட்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். வாழப்பாடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நாங்கள் நாலைந்து பேர் காலையில் டீ குடிக்கும் இடத்தில் இதைப் பேப்பரில் படித்த நண்பர் கொதித்துப் போனார். "ஏனுங்க, 43 நாள் ஊட்டுல படுத்துக் கெடந்தவனுக்கு எதுக்குங்க முழுச் சம்பளம்? சனங்க கட்டுன வரிப் பணந்தானுங்களே?"

அவரும் என்னைப் போல மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறவர்தான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. அங்கே சொல்ல வேண்டியதை அங்கே முழுதாகச் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

வேலை செய்யாதவனுக்குக் கூலி இல்லை என்பது நியாயமான விதி. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் வேலை நடக்காமல் போனது யாரால் என்று முதலில் கேட்க வேண்டும். ஊழியன் வர மறுத்தானா, வந்தவனை வாசலில் நிறுத்தினார்களா? இரண்டும் ஒன்றல்ல.

உடனே நீங்கள் 2003 ஜூலையை நினைப்பீர்கள். ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார்களே, அது. அது வேலைநிறுத்தத்தில் தொடங்கிய கதை. வேலைநிறுத்தம் செய்கிறவன் சம்பளம் போகும் என்று தெரிந்துதான் இறங்குகிறான். நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழி. அதனால் அந்த நாட்டு நடைமுறையில் கொஞ்சம் தெரியும். அங்கே மத்திய அரசு ஊழியர் ஒரு மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தாலும் மாதச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு போய்விடும். கறாரான விதி, ஆனால் புரிகிறது. நான் பேசுவது வேறு ஆட்களைப் பற்றி. வருகிறேன் என்று சொல்லியும் வராதே என்று சொல்லப்பட்டவர்களைப் பற்றி.

இதற்கு நம் அரசின் சொந்தப் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. அடிப்படை விதிகளில் ஒன்பதாம் விதி 'பணி' என்றால் என்ன என்று விளக்குகிறது. மாறுதல் ஆன ஒருவருக்கு இடம் ஒதுக்காமல் அரசே காத்திருக்க வைத்தால், அந்தக் காலமும் பணிதான். கட்டாயக் காத்திருப்பு என்று பெயர். நான் பில் கிளார்க்காக இருந்த ஓர் அலுவலகத்தில் ஓர் அதிகாரியை எடுத்துவிட்டு நாலு மாதம் வேறு இடம் தரவில்லை. மனிதர் வீட்டில்தான் இருந்தார். பிறகு ஆர்டர் வந்தது, நாலு மாதத்துக்கும் முழுச் சம்பள பில் போட்டேன், கருவூலத்தில் ஒரு ஆட்சேபணையும் இல்லாமல் பாஸ் ஆனது. சும்மா இருந்தவருக்கு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. அவர் குற்றம் அதில் எதுவும் இல்லை.

உச்ச நீதிமன்றமும் 1991ல் ஜானகிராமன் வழக்கில் இதையே சொன்னது: வேலை செய்யத் தயாராக இருப்பவரை, அவர் தவறு இல்லாமல் நிர்வாகமே விலக்கி வைத்தால், 'வேலை இல்லை, ஊதியம் இல்லை' என்ற விதி அப்படியே பொருந்தாது.

இப்போது சாலைப் பணியாளர்களுக்கு வருவோம். 1997ல் நெடுஞ்சாலைத் துறையில் சுமார் 10,000 பேரை எடுத்தார்கள். குழி அடைப்பது, ஓரத்துப் புதர் வெட்டுவது, மழைத் தண்ணீர் வடிய வழி விடுவது அவர்கள் வேலை. 2002 செப்டம்பரில் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 10,000 பேரும் ஒரே நாளில் தவறு செய்திருக்க முடியுமா? 2006 பிப்ரவரியில்தான் திரும்ப எடுத்தார்கள். இடையில் 41 மாதம். வேலை திரும்பக் கிடைக்கும் முன்பே கண்ணை மூடியவர்களும் உண்டு. அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாக எண்ணுங்கள் என்று ஆண்டுக்கணக்காக மனு, தர்ணா, கோர்ட் என்று அலைந்தார்கள்.

சேலம்–ஆத்தூர் சாலையில் வேலை பார்த்த ஒருவர் மனு எழுத என்னிடம் வந்தார். அந்த 41 மாதமும் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பாக்கு உரிக்கப் போனதாகச் சொன்னார். எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி, "சார், நானா வர மாட்டேன்னு சொன்னேன்?" என்று கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் பில் போட்ட எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

2019 ஜனவரியில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2021ல் வந்த அரசு அந்த நாட்களையும் பணிக்காலமாக முறைப்படுத்தியது. செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாமாக நின்றவர்களின் ஒன்பது நாள் பணி ஆகலாம், நிறுத்தப்பட்டவனின் 41 மாதம் மட்டும் போராடிப் பெற வேண்டியதா? அதிகாரியின் காத்திருப்பு பணி, மண்வெட்டி பிடித்தவனின் காத்திருப்பு சும்மாவா?

வரிப் பணம் என்கிறார் நண்பர். சரி, கணக்குப் பார்ப்போம். ஆளை வீட்டுக்கு அனுப்ப அரசுக்கு ஒரு செலவும் இல்லை என்றால் அது திரும்பத் திரும்ப நடக்கும். மக்கள் நலப் பணியாளர்களைப் பாருங்கள். 1991, 2001, 2011 என்று மூன்று தடவை நீக்கினார்கள். ஒருமுறையாவது, விலக்கி வைத்த காலத்துக்கு முழுச் சம்பளமும் கொடுத்தே தீர வேண்டும் என்ற நிலை இருந்திருந்தால், அடுத்த முறை கோப்பில் கையெழுத்துப் போடுமுன் நிதித் துறை யோசித்திருக்கும். நிலுவைச் சம்பளம் ஊழியனுக்கு மட்டும் காவல் அல்ல, கஜானாவுக்கும் காவல்.

அமெரிக்காக்காரர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அலுவலகத்தை மூடினால் திறந்ததும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று 2019ல் சட்டமே போட்டார்கள். 2025ல் வெள்ளை மாளிகை அதற்கு வேறு அர்த்தம் சொல்லிப் பார்த்தது. கடைசியில் திறப்பதற்கான சட்டத்திலேயே அதை மறுபடி எழுதினார்கள். அங்கேயும் ஓட்டை உண்டு. அதே கட்டடங்களைக் கூட்டித் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒன்றும் இல்லை. கீழே போகப் போக நியாயம் மெலிவது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

நண்பருக்கு ஒரு சலுகை தருகிறேன். அந்தக் காலத்தில் வேறு வேலையில் சம்பாதித்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவர் பிழைப்பூதியம் வாங்கவே 'வேறெங்கும் வேலை செய்யவில்லை' என்று சான்று கொடுக்கிறாரே, அந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. பாக்கு உரித்த கூலியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். பணமே முடியாது என்றால் குறைந்தபட்சம் அந்தக் காலத்தை ஊதிய உயர்வுக்கும் பென்ஷனுக்கும் சேர்த்து எண்ணுங்கள். இறந்தவர்களின் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான்.

நிலுவைச் சம்பளத்தைப் பிரெஞ்சில் 'ரப்பெல்' என்பார்கள். திரும்ப அழைத்தல் என்று அர்த்தம். அதில் தானம் என்ற வாடையே இல்லை. நாமோ 'அரசு கருணை கூர்ந்து' என்று மனுவைத் தொடங்குகிறோம். நானும் அன்றைக்கு அப்படித்தான் தொடங்கினேன், பழக்க தோஷம். அடுத்த முறை யாராவது எழுதச் சொல்லி வந்தால் அந்த வார்த்தையைப் போட மாட்டேன்.

நாளைக் காலை டீக்கடையில் நண்பரைப் பார்ப்பேன். உங்கள் பென்ஷன் கணக்கில் 41 மாதத்தைக் கழித்தால் சம்மதமா என்று மட்டும் கேட்கப் போகிறேன்.