புயல் எங்கே கடக்கிறது என்பது மட்டும் போதாது

புயல் அறிவிப்பு வந்ததும் விவசாயிகள் முதலில் கேட்பது, "எங்கே கரையைக் கடக்கும்?" என்பதுதான். சேக்காடு, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கத்துக்கு அந்தக் கேள்வி போதாது.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே, நமக்குப் பக்கத்திலேயே கடந்தது. மிக்ஜாம் 2023 டிசம்பர் 5-ல் கடந்ததோ ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனாலும் நம்மை மூழ்கடித்தது மிக்ஜாம்தான். கடப்பதற்கு முன் சென்னைக் கடலோரமாக மெல்ல ஊர்ந்ததால் ஆவடியில் ஒரே நாளில் சுமார் 28 செ.மீ. கொட்டியது. 2024-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறிய பின்னும் பல மணி நேரம் நகரவில்லை. மயிலத்தில் 50 செ.மீ. தாண்டியது.

1 செ.மீ. மழை என்றால் ஏக்கருக்கு சுமார் 40 ஆயிரம் லிட்டர். 28 செ.மீ.க்கு 11 லட்சம் லிட்டர்! மோட்டார் வைத்து இறைத்து மாளாது. வடிகாலை முன்பே வெட்ட வேண்டும். மனைப்பிரிவுகளால் வாய்க்கால் சுருங்கிய இடங்களில் பக்கத்து வயல்காரரோடு பேசாமல் இது நடக்காது.

வானிலை அறிக்கையில் இரண்டு வேகங்கள் வரும். காற்றின் வேகம் வாழைக்கும் முருங்கைக்கும் முக்கியம். நெல்லுக்குப் பார்க்க வேண்டியது புயல் நகரும் வேகம். அது மணிக்கு 10 கி.மீ.க்குக் கீழே இருந்தால் மேலுரம் இடாதீர்கள், மடையைத் திறந்துவிடுங்கள்.

தண்ணீர் வடிந்தபின், தூர் கட்டும் பருவ நெல்லுக்கு ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடலாம். கதிர் வந்த பயிருக்கு இது வேண்டாம்.