குதிரைத் தீனியா கொள்ளு?

தமிழீர்!

"கொள்ளென்றால் வாய் திறக்கும் குதிரை, கடிவாளமென்றால் வாய் மூடும்" என்பது நம் பழமொழி. நாமோ அக்குதிரையினும் கீழானோம். அயலான் நீட்டிய கடிவாளத்துக்கு வாய் திறந்தோம். நம் மண் ஈன்ற கொள்ளுக்கு வாயை மூடிக்கொண்டோம்!

புதுவையை விட்டுப் பிரெஞ்சியர் 1954-இல் அகன்றனர். அயலுணவு மயக்கம் அகன்றதா? நெல்லித்தோப்புக் கடைத்தெருவைப் பாருங்கள். ஓட்சுப் பொதிகள் கண்ணெதிரே. கொள்ளோ கடை மூலையில்! "அது குதிரைத் தீனி" என்று நகைக்கின்றனர் கற்றவர். 'குதிரைப் பயறு' என்பது ஆங்கிலன் இட்ட பெயர். அவன் தன் குதிரைக்கு எதைப் போட்டான் என்பதா நம் உணவுக்கு அளவுகோல்?

உண்மை யாது? கொள் என்பதும் காணம் என்பதும் நாம் இட்ட பெயர்கள். தென்னாட்டுப் புதிய கற்கால ஊர்களில் ஏறத்தாழ 4,000 ஆண்டுக்கு முற்பட்ட கொள்மணிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. புறநானூற்று 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் எண்ணிக் கூறும் நான்கு உணவுகளுள் கொள்ளும் ஒன்று. அது குதிரைக்கன்று, மாந்தர்க்கு!

100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு; தீட்டிய அரிசியில் ஏழெட்டுக் கிராமே. ஓட்சிலும் இவ்வளவு இல்லை. சுண்ணமும் இரும்பும் இதில் மிகுதி. முளைகட்டி, எலுமிச்சை பிழிந்து உண்டால் அவ்விரும்பு உடலில் எளிதிற் சேரும். புதுவைப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்குக் குருதிச்சோகை என்கிறது 2019–21 நாட்டுக் குடும்பநல ஆய்வு. கொள்ளொன்றே அதற்கு மருந்தென்று கூறோம். கைக்கெட்டிய ஊட்டத்தை இகழ்ந்து ஒதுக்குவது அறிவன்று என்கிறோம்.

மண்ணுக்கும் இது நன்மை செய்யும். நெல் வாடும் மேட்டுப் புன்செயில், சிறுமழை ஈரத்திலேயே விளையும். வேர்முடிச்சுகளால் காற்றிலிருந்து உரம் ஈர்க்கும். கொடியோ கால்நடைக்குத் தீவனம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பையூர் 1, பையூர் 2 என நல்வகைகளையும் தந்துள்ளது. விதை உண்டு, நிலம் உண்டு, நம்மிடம் இல்லாதது மான உணர்வே!

கொங்கு நாட்டார் கொள்ளுப் பருப்பையும் துவையலையும் சாற்றையும் இன்றும் விட்டாரில்லை. நாம் மட்டும் ஏன் விட்டோம்? கிழமைக்கு இருமுறையேனும் நம் அடுப்பில் கொள்ளு வேகட்டும். பள்ளிப் பகலுணவிலும் பங்கீட்டுக் கடைகளிலும் புதுவை அரசு கொள்ளுக்கு நிலையான இடம் தரட்டும்.

தமிழ் பேசும் நா, தமிழ்மண் விளைத்த உணவைச் சுவைக்க நாணலாமா?